பிவிசி பைப் லைன் ஓட்டுவது எப்படி?

பிளாஸ்டிக்கை உருக்கி அச்சு வழியாகத் தள்ளி நீளமாக இழுப்பதற்கு எக்ஸ்ட்ரூஷன் என்று ஒரே பெயர் இருந்தாலும் அது ஒரே வேலை இல்லை. கவருக்கு ஃபிலிம் ஊதுவது ஒன்று, எச்டிபிஇ குழாயைச் சுருளாகச் சுற்றுவது ஒன்று, ஜன்னல் சட்டத்துக்கு புரொஃபைல் இழுப்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் சூடாகும் உருளையான பேரல் உண்டு, அதற்குள் சுற்றிப் பொருளைத் தள்ளும் ஸ்க்ரூ உண்டு, முனையில் வடிவம் கொடுக்கும் அச்சான டை உண்டு. ஆனால் உள்ளே போகும் பொருள் மாறிவிட்டால் கைப்பழக்கம் மொத்தமும் மாற வேண்டும். நான் இங்கே எழுதுவது கெட்டி பிவிசி பைப்பைப் பற்றி மட்டும்தான். கோவையைச் சுற்றியுள்ள பைப் ஆலைகளில்தான் என் வேலைக்காலம் போயிருக்கிறது. ஐடிஐ முடித்துவிட்டு ஷிப்டுக்கு வருகிற பையன்களுக்கு மெஷின் பக்கத்தில் நின்று சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

கணக்கெல்லாம் ஒரே இடத்தில் நிற்கட்டும் என்பதற்காக ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். 65/132 கோனிக்கல் இரட்டை ஸ்க்ரூ மெஷின். ஓடுவது 110 மி.மீ. 6 கிலோ பைப். 6 கிலோ என்பது எடை இல்லை, சதுர செ.மீ.க்கு அது தாங்கும் அழுத்தம். கிணற்றிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக விவசாயிகள் அதிகம் கேட்டு வாங்கும் அளவு அது.

புதிதாக வருகிற யாராக இருந்தாலும், பைப்பில் எந்தக் கோளாறு வந்தாலும் கை நேராக டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்குத்தான் போகும். "அண்ணா, பைப்பு உள்பக்கம் சொரசொரன்னு வருதுங்க. டை சூட்டை அஞ்சு டிகிரி ஏத்தட்டுங்களா?" என்பார்கள். பாலித்தீனில் இந்த வழி ஓரளவு எடுபடும். பிவிசியில் சூட்டைத் தொடுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் காம்பவுண்டை, அதாவது கலந்து வைத்த பவுடரைப் பார்க்க வேண்டும், அதை அளந்து தள்ளும் டோசரைப் பார்க்க வேண்டும், மோட்டார் ஆம்பியரைப் பார்க்க வேண்டும், பேரலில் காற்று வெளியேறும் வென்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும், பைப்பைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பிவிசி ரெசின் பார்ப்பதற்கு வெள்ளைப் பவுடர். அந்தப் பவுடரின் ஒவ்வொரு மணிக்குள்ளும் அதைவிட மிகச் சிறிய துகள்கள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன. வெறும் ஹீட்டர் சூட்டில் இந்தத் துகள்கள் உடைந்து ஒன்றோடொன்று கலந்துவிடாது. இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவில் நசுங்கி, தேய்ந்து, அந்த உராய்வில் வரும் சூடும் ஹீட்டர் சூடும் சேர்ந்துதான் மணிகளை உடைத்து ஒட்டவைக்கும். ஆலையில் இதை ஜெல்லேஷன் என்போம். ஜெல்லேஷன் குறைந்தால் பைப் பார்க்க நன்றாக இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் உடையும். மிஞ்சினாலும் கெடுதல்தான். இன்னொரு பக்கம், சூடு கூடினால் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும். அந்த வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும். அதனால் ஓரிடத்தில் கருகத் தொடங்கினால் அது தானாக நிற்காது, பரவிக்கொண்டே போகும். முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கருப்பு. மூக்கை அரிக்கும் புளிப்பு வாடை வந்துவிட்டால் கண்ணும் எரியும், ஸ்க்ரூவும் அரிக்கும். இப்படி இரண்டு பக்கமும் இடம் குறைவாக இருக்கும் பொருளைச் சூட்டை மட்டும் வைத்து ஓட்ட முடியாது.

மிக்சரில்தான் தொடங்குகிறது

பைப்பின் தரத்தில் பாதி எக்ஸ்ட்ரூடருக்கு வருவதற்கு முன்பே மிக்சர் ரூமில் முடிவாகிவிடுகிறது. மெஷின் ஆபரேட்டர் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

பைப்புக்கு சஸ்பென்ஷன் ரெசின், மூலக்கூறின் நீளத்தைக் காட்டும் கே வேல்யூ 67 பக்கம் இருப்பது. மூட்டையின் மேல் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். ஃபிட்டிங்ஸ் அடிப்பவர்கள் 57, 60 வாங்குவார்கள். கேபிளுக்கு 70ஐத் தாண்டிப் போவதும் உண்டு. ஒரே குடோனில் இரண்டும் இருந்தால் மாறிப்போக வாய்ப்பிருக்கிறது, பவுடரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு வரும் ரெசினில் கணிசமானது வெளிநாட்டுச் சரக்கு. தமிழ்நாட்டிலேயே கடலூரில் சஸ்பென்ஷன் பிவிசி தயாராகிறது. எங்கிருந்து வந்தாலும் கம்பெனி மாறினால் ஆம்பியர் மாறும். லாட் நம்பரை நோட்டில் எழுதாமல் மூட்டையைப் பிரிக்க விடாதீர்கள்.

கலவை ஒவ்வோர் ஆலைக்கும் வேறு. 100 கிலோ ரெசினுக்கு கால்சியம்-ஜிங்க் ஒன்பேக் 3 முதல் 3.5 கிலோ, கோட்டிங் உள்ள கால்சியம் கார்பனேட் 6 முதல் 8 கிலோ, டைட்டானியம் டை ஆக்சைடு 1 கிலோவுக்கு உள்ளே, சாம்பல் நிறத்துக்குக் கொஞ்சம் கார்பன் பிளாக். பிரஷர் பைப்புக்கு இது நியாயமான கணக்கு. ஒன்பேக்கிலேயே சூட்டில் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசரும் வழுக்கிப் போகவைக்கும் லூப்ரிகன்ட்டும் சேர்ந்து வரும். முன்பெல்லாம் ஈய ஸ்டெபிலைசர்தான் எல்லா இடத்திலும். ஓட்டுவதற்கு அது சுலபம், சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் குடிநீர் போகும் பைப்பில் ஈயம் இருக்கக் கூடாது. ஈய ஸ்டெபிலைசரைப் பைப்பிலிருந்து விலக்க மத்திய அரசு 2021இல் தனி விதிகளே கொண்டுவந்தது. கால்சியம்-ஜிங்க்குக்கு மாறினால் பிரச்சினை இல்லாமல் ஓட்டக்கூடிய சூட்டின் இடைவெளி குறுகும் என்பது உண்மைதான். நிதானமாக ஓட்டினால் அதிலும் அருமையான பைப் வரும். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் அதில் போகிறது, இதில் சமாதானமே வேண்டாம்.

கார்பனேட்டைக் கூட்டிக் கூட்டி விலையைக் குறைக்கும் ஆலைகள் இருக்கின்றன. அந்தப் பைப்பைத் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும், வெட்டினால் சில்லுச் சில்லாகப் போகும். மண்ணுக்குள் போட்ட பிறகு வெடித்தால் தோண்டி எடுக்கும் செலவு விவசாயி தலையில்தான் விழும். ஃபார்முலா உங்கள் கையில் இல்லாவிட்டாலும் எடை போடுவது உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பேட்சையும் தராசில் வைத்தே போடுங்கள், கப் கணக்கு வேண்டாம்.

ஹாட் மிக்சரில் ரெசின் போட்டு பிளேடு வேகமெடுத்ததும் உராய்விலேயே சூடு ஏறும். 60 டிகிரி வாக்கில் ஒன்பேக், 85 முதல் 90க்குள் கார்பனேட்டும் டைட்டானியமும். கார்பனேட்டை முதலிலேயே கொட்டினால் பாத்திரத்தையும் பிளேடையும் அரித்துவிடும், ஸ்டெபிலைசரையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும். 115 முதல் 120 டிகிரி வந்ததும் கீழே கூலர் மிக்சரில் இறக்க வேண்டும். இந்த இறக்கும் சூடுதான் முக்கியம். 105இல் அவசரப்பட்டு இறக்கினால் ஈரம் முழுதாகப் போயிருக்காது, லூப்ரிகன்ட்டும் ரெசினுக்குள் இறங்கியிருக்காது. கூலரில் 45 டிகிரிக்கு வந்த பிறகுதான் மூட்டையிலோ சைலோவிலோ பிடிக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். ஒருநாள் வைத்திருந்து ஓட்டும் காம்பவுண்டு ஒரே சீராக ஓடும். அன்று அரைத்து அன்றே ஓட்டுவது ஸ்டாக் இல்லாத நேரத்தில் மட்டும் இருக்கட்டும்.

காம்பவுண்டு ஹாப்பருக்குப் போகும் வழியில் சல்லடையும் காந்தமும் இருக்க வேண்டும். ஒரு சின்ன போல்ட் ஸ்க்ரூவுக்குள் போனால் என்ன செலவு என்று ஸ்க்ரூ விலை தெரிந்தவர்கள் யாரையாவது கேளுங்கள்.

மெஷினைச் சூடேற்றுவதும் ஸ்டார்ட் செய்வதும்

65/132 என்றால் ஸ்க்ரூவின் நுனியில் விட்டம் 65 மி.மீ., பொருள் விழும் பக்கம் 132. இரண்டு ஸ்க்ரூவும் எதிரெதிர் திசையில் சுற்றும். விழுகிற பக்கம் அகலமாக இருப்பதால் பவுடரை நன்றாகப் பிடிக்கும், நுனிப் பக்கம் குறுகுவதால் பொருள் அழுந்தும்.

தொடக்கத்துக்கு நான் வைக்கும் சூடு இது. பேரல் முதல் ஸோன் 185, இரண்டாவது 180, மூன்றாவது 172, நான்காவது 168. பேரலையும் டையையும் இணைக்கும் அடாப்டர் 165. டையில் 175இல் தொடங்கி 180, 185 என்று ஏறி வாய்ப்பக்கம் 190. பேரலில் பொருள் விழும் பக்கம் கூடுதலாகவும் நுனிப் பக்கம் குறைவாகவும் இருப்பது பலருக்கு வினோதமாகப் படும். பவுடர் குளிர்ச்சியாக உள்ளே வருகிறது, அங்கே சூடு வேண்டும். நுனிக்கு வரும்போது ஸ்க்ரூவே உராய்ந்து சூட்டை உண்டாக்கிவிடும், அங்கே ஹீட்டரை விட புளோயருக்குத்தான் வேலை அதிகம். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மெஷினில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் இருக்கும் இடம் வேறாக இருக்கும்.

காட்டும் எண் செட் பாயின்ட்டைத் தொட்டுவிட்டது என்பதற்காக உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. டை கனமான இரும்பு. வெளியே 185 காட்டும்போது பைப்பின் உள்துளைக்காக நடுவில் இருக்கும் பின் இன்னும் சூடாகியிருக்காது. எண் தொட்ட பிறகும் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். சூடான பிறகு டை போல்ட்டுகளை ஒரு சுற்று மறுபடி இறுக்க வேண்டும், இரும்பு விரிந்ததில் தளர்ந்திருக்கும். பவுடர் பேரலுக்குள் விழும் ஃபீட் த்ரோட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறதா, கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் ஓடுகிறதா, ஸ்க்ரூவுக்குள் சுற்றும் ஸ்க்ரூ ஆயில் சூடாகிவிட்டதா, எல்லாம் பார்த்த பிறகு 5 அல்லது 6 ஆர்பிஎம்மில் ஸ்க்ரூவைச் சுற்றவிட்டு டோசரை மெதுவாகத் திறக்க வேண்டும். வெறும் ஸ்க்ரூவை வேகமாகச் சுற்றினால் பேரலோடு உரசும். ஒரேயடியாகப் பவுடரைத் தள்ளினால் ஆம்பியர் எகிறி ட்ரிப் ஆகும்.

பொருள் டை வாய்க்கு வரும்வரை யாரும் எதிரில் நிற்க வேண்டாம். உள்ளே சிக்கிய வாயு சூடான பிவிசியைத் துப்பும். இது எப்போதாவது நடப்பதில்லை, ஸ்டார்ட் செய்யும்போது அடிக்கடி நடப்பது. முதலில் வருவது பழுப்பாக, ஓட்டை ஓட்டையாக வரும். அதை வெட்டி வெட்டித் தள்ளுங்கள். நிறம் சுத்தமாகி, சுவர் ஒரே கனமாக வரத் தொடங்கியதும் டம்மி பைப்பைக் கயிற்றோடு உள்ளே விட்டு, சூடான முனையை அதில் பிடித்து ஒட்டி, அளவு பிடிக்கும் பித்தளைக் குழலான சைசர் வழியாக வேக்கம் டேங்க், தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே டேங்க் தாண்டி, பைப்பைப் பிடித்து இழுக்கும் ஹால் ஆஃப் வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருவர் டை பக்கம், ஒருவர் ஹால் ஆஃப் பக்கம். ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி நிற்க வேண்டும். ஹால் ஆஃப் பெல்ட்டுக்கு நடுவில் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைப் ஹால் ஆஃபில் பிடிபட்ட பிறகுதான் டேங்க் மூடியைப் போட்டு வேக்கம் கொடுக்க வேண்டும். சூடான பைப் சைசரின் பித்தளைச் சுவரில் ஒட்டி இழுபட்டு வட்டம் பிடிக்கும். அதன் பிறகு ஆர்பிஎம்மையும் டோசரையும் ஹால் ஆஃபையும் மூன்றையும் சேர்த்துச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போகலாம்.

வென்ட்டைத் திறந்து பார்ப்பது

இந்த மெஷினில் ஆபரேட்டருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி பேரலின் நடுவில் இருக்கும் வென்ட் ஓட்டை. ஈரத்தையும் காற்றையும் வேக்கம் பம்ப் அந்த வழியாகத்தான் இழுக்கிறது. வேக்கத்தை ஒரு நிமிஷம் நிறுத்தி மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை நேராகக் குனிக்காமல்.

ஸ்க்ரூவின் பள்ளத்தில் பொருள் புட்டுக்குப் பிசறிய மாவின் பதத்தில் இருக்க வேண்டும். உதிரியாக, ஆனால் லேசாகப் பிடிமானத்தோடு, பள்ளத்தில் முக்கால் பங்கு நிறைந்து, மேல் பகுதி திறந்து. அப்படி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மூடியைப் போடலாம். இன்னும் வெறும் பவுடராக ஓடினால் வேக்கம் பவுடரையும் சேர்த்து உறிஞ்சிவிடும், ஃபில்டர் அடைக்கும், காற்று உள்ளேயே தங்கிப் பைப்பில் ஊசிமுனை ஓட்டைகள் வரும். மாறாக, முழுக்க உருகிப் பளபளப்பாக இருந்தால் ஜெல்லேஷன் சீக்கிரமே முடிந்துவிட்டது, இனி டை வரைக்கும் அது சூட்டைத்தான் சேர்க்கும். பள்ளம் வழிந்து வென்ட்டிலேயே ஏறி வந்தால் டோசர் அதிகமாகத் தள்ளுகிறது.

பவுடராக இருக்கும்போது முதல் இரண்டு ஸோனில் சூடு ஏற்றலாம்தான். ஆனால் அதற்கு முன் டோசரைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். பள்ளம் நிறைந்தால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் ஜெல்லேஷன் முன்னே வரும். இதுதான் ஹீட்டரைத் தொடாமல் செய்யும் வேலை. எவ்வளவு தள்ளலாம் என்பதற்கு ஆம்பியர்தான் அளவு. மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரில் 60 முதல் 75 சதவீதத்துக்குள் ஓடினால் நிம்மதி. அதைவிட முக்கியம் முள் ஆடாமல் நிற்பது. ஆம்பியர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பைப்பின் சுவரும் கனமாகவும் மெல்லிசாகவும் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். போய் ஹாப்பரைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் காம்பவுண்டு உள்ளே பாலம் கட்டி நிற்கும், அல்லது ஈரக் கட்டி டோசரை அடைத்திருக்கும்.

சுவர் கனம், சென்டரிங், எடைக் கணக்கு

பிவிசி பைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4985 படி 110 மி.மீ. 6 கிலோ பைப்புக்குச் சுவர் 3.7 மி.மீ.க்குக் குறையக் கூடாது, எந்த இடத்திலும். சராசரி சரியாக இருந்து ஒரு பக்கம் 3.4 ஆக இருந்தால் அந்தப் பைப் 3.4 பைப்தான். தண்ணீர் அழுத்தம் பலவீனமான பக்கத்தைத்தான் பார்க்கும். ஒரு துண்டு வெட்டிச் சுற்றிலும் எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பைப் லைனில் ஓடும்போதே மார்க்கரால் கோடு போட்டுவிட்டால் குழப்பம் வராது.

ஒரு பக்கம் கனமாக இருந்தால் டையில் அந்தப் பக்க இடைவெளி அகலமாக இருக்கிறது. முதலில் எதிர்ப்பக்க சென்டரிங் போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள். அதன் பிறகே கனமான பக்க போல்ட்டை இறுக்க வேண்டும். அது டையின் வெளி வளையமான புஷ்ஷை நடுவில் இருக்கும் பின்னை நோக்கித் தள்ளும். தளர்த்தாமல் இறுக்கினால் போல்ட் நூல்தான் போகும். இறுக்கியதும் கட்டரில் வரும் பைப்பை அளந்துவிட்டு "மாறவே இல்லையே" என்று மறுபடி இறுக்குவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. டையிலிருந்து கட்டர் வரை 12 மீட்டர் என்று வையுங்கள். லைன் நிமிஷத்துக்கு 2.2 மீட்டர் ஓடினால் நீங்கள் செய்த மாற்றம் கட்டருக்கு வர ஐந்தரை நிமிஷம் ஆகும். டை வாயில் வெளிவரும் பைப்பில் ஒரு மார்க்கர் கோடு போட்டு, அந்தக் கோடு கட்டருக்கு வந்த பிறகு அளக்க வேண்டும்.

எடைக் கணக்கை மனதிலேயே போடப் பழகுங்கள். பைப்பின் வெளி விட்டம் 110.2, சுவர் சராசரி 3.9 என்று வைத்துக்கொண்டால், நடு விட்டம் 106.3. அதை 3.14 ஆலும் 3.9 ஆலும் பெருக்கினால் சுமார் 1,302 சதுர மி.மீ. பிவிசி காம்பவுண்டின் அடர்த்தி 1.43 என்று எடுத்தால் மீட்டருக்கு 1.86 கிலோ. 6 மீட்டர் பைப் 11.17 கிலோ. மெஷின் மணிக்கு 250 கிலோ தள்ளினால் நிமிஷத்துக்கு 2.24 மீட்டர் ஓட வேண்டும், இரண்டே முக்கால் நிமிஷத்துக்கு ஒரு பைப் விழ வேண்டும். பைப் எடை கூடி விழுந்தால் ஹால் ஆஃப் மெதுவாக இழுக்கிறது, குறைந்து விழுந்தால் வேகமாக இழுக்கிறது. ஒவ்வொரு பைப்பையும் தராசில் வைக்கும் பழக்கம் இருந்தால் மைக்ரோமீட்டருக்கு முன்னாலேயே கோளாறு தெரிந்துவிடும்.

சுவர் ஒரு பாயின்ட், அதாவது 0.1 மி.மீ. கூடுதலாக ஓடினால் என்ன என்று கேட்பார்கள். மணிக்கு 6.4 கிலோ, ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் காம்பவுண்டு சும்மா போகிறது. முதலாளி இதைப் பார்த்துவிட்டு சுவரைக் குறைக்கச் சொல்வார். சென்டரிங் சரியாக இல்லாமல் குறைத்தால் ஒரு பக்கம் 3.7க்குக் கீழே போய்விடும். அதனால் முதலில் சென்டரிங், அப்புறம்தான் ஹால் ஆஃப். சென்டரிங் நன்றாக இருக்கும் ஆலையில் 3.8 சராசரியிலேயே தைரியமாக ஓட்டலாம். நல்ல ஆபரேட்டர் காம்பவுண்டைச் சேமிப்பதும் விவசாயியை ஏமாற்றாமல் இருப்பதும் இந்த ஒரே வேலையில் நடக்கிறது.

தண்ணீர்

கோவைப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. சைசரின் கீறல்களிலும் ஸ்ப்ரே நாசிலிலும் சில்லர் குழாயிலும் வெள்ளையாகப் படியும். ஒரு பக்க நாசில் அடைத்தால் அந்தப் பக்கம் பைப் மெதுவாகக் குளிரும், குளிர்ந்த பிறகு பைப் வளைந்து நிற்கும். பைப் வளைகிறது என்று டையைத் திருப்பிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டேங்க் மூடியைத் திறந்து நாசில்களை எண்ணினால் காரணம் அங்கேயே இருக்கும். வாரம் ஒருமுறை நாசிலைக் கழற்றி ஊற வைத்துக் கழுவுங்கள், முடிந்தால் சாஃப்ட்னர் தண்ணீர் விடுங்கள். சைசருக்கு முன்னால் பைப்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் சுற்றிலும் சமமாக விழ வேண்டும். அது விட்டுப்போன இடத்தில் பைப் பித்தளையில் ஒட்டி இழுத்துத் தோல் மங்கும்.

கோளாறு வரும்போது எந்த வரிசையில் பார்ப்பது

உள்பக்கம் சொரசொரப்பு வந்தால் முதலில் வென்ட்டைப் பாருங்கள், அப்புறம் ஆம்பியர். இரண்டும் சரியாக இருந்தால் ஸ்க்ரூ ஆயில் சூடு. அதன் பிறகே டை. நீளவாக்கில் ஒரே இடத்தில் பழுப்புக் கோடு தொடர்ந்து வந்தால் அது டைக்குள் எங்கோ பொருள் தேங்கிக் கருகுகிறது. சூட்டைக் குறைத்தால் ஒரு மணி நேரம் மறையலாம், மறுபடி வரும். நிறுத்தி, டையைத் திறந்து சுத்தம் செய்வது தவிர வேறு வழி இல்லை. சுற்றிலும் சம தூரத்தில் நீளக் கோடுகள் தெரிந்தால் அது பின்னைத் தாங்கும் ஸ்பைடர் கால்களின் தடம். கால் தாண்டிய இடத்தில் பொருள் மறுபடி ஒட்டவில்லை. அந்தக் கோட்டில்தான் பைப் பிளக்கும், விட்டுவிடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு இரண்டு சோதனை எல்லா ஷிப்டிலும் செய்ய வேண்டும். ஒன்று மெத்திலீன் குளோரைடு. துண்டின் முனையைச் சாய்வாகச் சீவி, குளிர்ந்த மெத்திலீன் குளோரைடில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் ஜெல்லேஷன் குறைந்த இடம் வெளுத்து ஊதிக் காட்டும். எந்த வளையம், எந்தப் பக்கம் என்பதுவரை தெரியும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள், ஆவியை இழுக்கக் கூடாது. இரண்டாவது ரிவர்ஷன். துண்டில் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு 150 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து ஆறவிட்டு அளக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது. அதிகம் சுருங்கினால் ஹால் ஆஃப் பைப்பை அளவுக்கு மீறி இழுக்கிறது. வெயிலில் கிடக்கும்போதும், முனையைச் சூடாக்கி விரித்துச் சாக்கெட் அடிக்கும்போதும் அந்தப் பைப் தன் குணத்தைக் காட்டிவிடும். இந்தச் சோதனைகளை முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட் நல்ல இடம். 1968இல் தொடங்கிய நிறுவனம் அது.

ஸ்கிராப் பற்றி ஒரு வார்த்தை. நம் லைனிலேயே வந்த சுத்தமான வேஸ்ட்டை அரைத்துப் பவுடராக்கி, சிறிய அளவில், எப்போதும் ஒரே விகிதத்தில் சேர்க்கலாம். இன்று கொஞ்சம், நாளை நிறைய என்று போட்டால் ஆம்பியர் நிற்காது. வெளியில் வாங்கும் ஸ்கிராப் குடிநீர்ப் பைப்பில் போகவே கூடாது, அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வெந்நீர்க் குழாய்க்கான சிபிவிசி ஓடும் லைனில் கந்தகம் கலந்த டின் ஸ்டெபிலைசர் ஓடினால் அதன் ஸ்கிராப் பழைய ஈயப் பைப் ஸ்கிராப்போடு சேரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் கருப்புக் கறை விழும்.

கரன்ட் போனால், லைனை நிறுத்தினால்

சூடான பிவிசியை மெஷினுக்குள் சும்மா விட்டுவிடக் கூடாது. கரன்ட் போனதும் முதலில் ஜெனரேட்டர், அதில் முதல் உரிமை ஸ்க்ரூ மோட்டாருக்கும் பேரல் புளோயருக்கும். ஹீட்டர் வேண்டாம், மிக்சர் வேண்டாம், கட்டர் வேண்டாம். ஜெனரேட்டர் எடுத்ததும் குறைந்த ஆர்பிஎம்மில் ஸ்க்ரூவைச் சுற்றி உள்ளே இருப்பதை வெளியே தள்ளுங்கள், உள்ளே இருப்பதைத் தள்ளிச் சுத்தம் செய்யும் பர்ஜிங் காம்பவுண்டு பக்கத்திலேயே மூட்டையில் தயாராக இருக்கட்டும். ஜெனரேட்டரும் எடுக்கவில்லை, பத்துப் பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். டை சூடாக இருக்கும்போதே போல்ட்டைக் கழற்றி இழுத்துவிட வேண்டும். ஆறிப்போன பிறகு அந்த டையைக் கழற்ற நான்கு பேர் வேண்டும்.

முறைப்படி நிறுத்தும்போது டோசரில் காம்பவுண்டை நிறுத்தி, பர்ஜிங் காம்பவுண்டைப் போட்டு, டை வாயில் நிறம் மாறி அது மட்டும் வரும்வரை ஓட்டுங்கள். பர்ஜிங்கில் ஸ்டெபிலைசரும் லூப்ரிகன்ட்டும் கூடுதலாக இருப்பதால் உள்ளே கொஞ்சம் தங்கினாலும் சட்டென்று கருகாது. அசிட்டால் எனப்படும் பிஓஎம் பிளாஸ்டிக் அந்த மெஷின் பக்கமே வரக் கூடாது. பிவிசியிலிருந்து வரும் அமிலம் பட்டால் அது வேகமாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவாகும், பேரல் வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறும். இன்ஜெக்ஷன் மோல்டிங்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஆலைகளில் கிரைண்டரைப் பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

டையைக் கழற்றியதும் சூட்டோடு பித்தளைச் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பட்டால் குரோம் பூச்சில் கீறல் விழும், அடுத்த ஓட்டத்தில் அந்தக் கீறலில்தான் முதல் பொருள் தேங்கிக் கருகும். பின்னையும் புஷ்ஷையும் ஸ்பைடர் கால்களையும் துணியால் துடைத்து, மெல்லியதாக சிலிகான் தடவி, வாய்ப்பக்கம் தரையில் படாமல் மரப்பலகையில் வைத்து மூடிவிடுங்கள்.